சாக்குக் கழிவு

சீட்டு குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது
'சட்டம் நிறம் பார்க்கலாகாது.'
ஹட்டன் மண்டபம், ஐப்பசிச் சனிக்கிழமை.
தகரக் கூரையில் மழை
எங்களை முந்திக்கொண்டு பேசியது.

தலைப்பு அமெரிக்காவைப் பற்றியது.
பல்கலைக்கழக வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம்
நீ எந்த நிறம் என்று கேட்கலாமா,
கேட்டு, அதற்காக ஓர் இடம் ஒதுக்கலாமா.
நான் போகாத தேசம். படத்தில் பார்த்த
இரண்டு தண்ணீர்க் குழாய்கள்,
இரண்டுக்கும் மேலே இரண்டு பலகைகள்.

எதிரில் கண்டியிலிருந்து வந்த தர்ஷிகன்,
இஸ்திரி குலையாத கழுத்துப்பட்டி.
அவனுக்கு விழுந்தது என் பக்கம்.

என் பக்கம் என்று ஏன் எழுதுகிறேன்?
நுவரெலியா மாவட்டத்துக்குக் குறைத்துவைத்த வெட்டுப்புள்ளியில்
சட்டபீடத்துக்குள் நுழைந்தவள் நான்.
அதே புள்ளியோடு கண்டியில் பிறந்திருந்தால்
ஏதாவதொரு புடவைக் கடையில்
பிரித்ததை மடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனாலும் நன்றாகப் பேசினேன்.
கொழுந்து மடுவத்துத் தராசைச் சொன்னேன்:
பறித்தவள் யார் என்று அது பார்ப்பதில்லை.
செங்குத்து மலையா, ஆற்றோரத்துச் சமதரையா,
எவள் வீட்டில் சாவு, எவளுக்கு மாதம் ஏழு,
ஒன்றும் பார்ப்பதில்லை.
பதினெட்டுக் கிலோ என்றால் பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர்.
கண்ணில்லாத இரும்பு, அதனால்தான் நீதி, என்றேன்.
முன்வரிசை கைதட்டியது.
தட்டியவர்களில் இரண்டு பேர் தோட்டத்து உத்தியோகத்தர்கள்.

தர்ஷிகன் எழுந்தான்.
சங்கிலியிலிருந்து தொடங்கினான். பருத்திக் காடு,
வாக்குப் போட வந்தவனுக்கு வைத்த பரீட்சை,
வீடு வாங்கவிடாத தெருக்கள்.
தேதிகள்கூடச் சரி.
நான் பென்சிலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்
ஒரே ஒரு கேள்விக்காக.
அவன் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

மூன்றாம் வகுப்பு விடுமுறையில் மடுவத்து வாசலில் நின்று பார்த்தது:
அம்மா படங்கை அவிழ்க்கிறாள்.
முள் இருபதில் நிற்கிறது, நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன்.
கணக்கப்பிள்ளை பதினேழு எழுதுகிறார்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
பங்குனி வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது,
அன்றைக்கும் ஈரத்துக்கு இரண்டு.
தராசு பொய் சொல்லவில்லை.
முள்ளுக்கும் பேனாவுக்கும் நடுவே
ஒரு சாண் இருந்தது, அவ்வளவுதான்.
அந்தச் சாணுக்குள் அம்மாவின் அரை நாள் போனது.
அவள் அம்மாவுக்கு
நாடே போனது.

சாக்குக்கு எவ்வளவு கழித்தீர்கள்?
கேளேன், கேளேன் என்று
அவன் வாயையே பார்த்தேன்.
அவன் மேற்கோள் ஒன்றைத் தேடினான்.
மணி அடித்தது.

நடுவர்கள் இருவர் எனக்கு, ஒருவர் அவனுக்கு.

பரிசுக் காசோலை தபாலில் வருமாம்.
படிவத்தில் நிரந்தர முகவரி.
தர்ஷிகன் தலை நிமிராமல் எழுதி முடித்தான்,
இலக்கம், வீதி, நகரம்.
ஆறாம் லயம், மூன்றாம் காம்பிரா என்று நான் எழுதினேன்.
குமாஸ்தா கோபப்படாமல் அதை வெட்டி
'மேற்பார்வை: தோட்டக் காரியாலயம்' என்று திருத்தினார்.
கையெழுத்து அழகாயிருந்தது.

வெளியே கடையில் இருவரும் பிளேன்டீ குடித்தோம்.
"ஏன் கேக்கல?" என்றேன்.
"எத?" என்றான், நிஜமாகவே தெரியாமல்.
சொல்ல வாயெடுத்தேன்.
சொன்னால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவருமோ
என்றொரு சின்னப் பயம்,
அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.
மஸ்கெலியா பஸ் கிளம்பிவிட்டது, ஓடினேன்.

காசோலை தை மாதம் வந்தது.
உறையைப் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.
வங்கியில் நூற்றைம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாள்
என் வயதுப் பெண்.
எதற்கு என்றேன்.
எல்லாருக்கும் பிடிக்கிறதுதான், என்றாள்.